பாய், தட்டு, கிண்ணம், வீடு, மாடிவீடு

காலை ஆறு மணிக்கு அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் விழித்திருப்பது மூன்று தரப்புதான்: வாசல் காவலாளி, எலிகள், எலியக்கா. இதில் காவலாளி விழித்திருக்கிறார் என்று சத்தியம் செய்ய முடியாது. பத்தொன்பது வருடமாகத் தினமும் பார்க்கிற முகம், ஆனாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு "கார்டு காட்டுங்க" என்பார்.

"காட்டுறேன். இந்த போட்டோவுல இருக்கறவ என்னைவிட இருபது வயசு சின்னவ. அவளை உள்ள விட்டுட்டு என்னை வெளிய நிறுத்திராதீங்க" என்பாள் எலியக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தக் கார்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. இரண்டாம் மாடியில் பெரிய படிப்புப் படித்தவர்கள் முதல் மின்தூக்கி பழுது பார்க்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் எலியக்காதான். வீட்டில் புருஷன்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இந்த வேலைக்கு அவள் வந்தது பெரிய லட்சியத்தோடு என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். முன்பு ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடினார்கள். "விலங்குப் பராமரிப்புக்கு ஆள் தேவை" என்று ஒரு விளம்பரம் வந்தது. ஆடு, மாடு, மிஞ்சிப் போனால் நாய் என்று நினைத்து எழுதிப் போட்டாள். முதல் நாள் தரைத்தளத்துக்குக் கீழே கூட்டிப் போய்க் கதவைத் திறந்தால், அடுக்கடுக்காகக் கண்ணாடி போன்ற பெட்டிகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை எலி. எலியக்காவோ எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ரகம். அங்கே ஏற நாற்காலி இல்லாத ஒரே காரணத்தால்தான் நின்றாள். மூன்றாம் நாள் ஒன்று விரலைக் கடித்தது. அவள் கத்திய கத்தலில் அது பயந்து அவள் சட்டைக் கைக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது அவள் தோலில் தெரிந்தது. "அட, நீ என்னைவிடப் பயந்தாங்கொள்ளியா இருக்கியே" என்றாளாம். அதோடு பயம் போயிற்று.

ஆனால் இது அந்த அறை எலிகளுக்கு மட்டும்தான். வீட்டு எலியிடம் அவளுக்குத் தயவு தாட்சண்யமே கிடையாது. காரணம் இருக்கிறது. வெளி எலியின் கிருமி ஒரு துளி உள்ளே போனாலும் மொத்த அறையும் பாழ். அதனால் அங்கே வேலை செய்கிறவர் வீட்டில் எலி இருக்கவே கூடாது என்று விதி. ஒருமுறை அவள் சமையலறையில் ஒரு சுண்டெலி ஓடியது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சாமியாடாத குறையாக அவள் துரத்த, புருஷன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "விருந்தாளிய இப்படியா விரட்டுறது? உன் சொந்தக்காரன், உன்னைப் பாக்கத்தான் வந்திருக்கான்" என்றார். துடைப்பம் ஒரு நொடி திசை மாறியது.

அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடம் ஒரே தடத்தில் ஓட்டி, எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவர் சில்லறைக்குச் சண்டை போடுவார் என்பது வரை தெரிந்தவர். அவரைப் பற்றிப் பிறகு.

எலி அறைக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. வெளி உடுப்பை மாற்ற வேண்டும். தொப்பி, முகக்கவசம், கையுறை, செருப்புக்கு மேல் உறை. முதல் கதவு மூடினால்தான் இரண்டாவது திறக்கும். நடுவில் நாலா பக்கமிருந்தும் காற்று அடித்துத் தூசியைத் தட்டிவிடும். உள்ளே வெதுவெதுப்பு, விசிறிகளின் ஒரே சீரான இரைச்சல், மரத்தூள் வாசனை. ஒவ்வொரு பெட்டியிலும் தண்ணீர் பாட்டில், தீனிக் கட்டி, படுக்கைக்கு மரத்தூள், அப்புறம் ஒரு சதுரப் பஞ்சு. பேச்சு வழக்கில் அந்தப் பெட்டிக்குக் கூண்டு என்றே பெயர்.

அந்தப் பஞ்சில்தான் விஷயம் இருக்கிறது. எலிக்கு ராத்திரிதான் பகல். விளக்கு அணைந்ததும் அந்தப் பஞ்சைப் பல்லால் பிய்த்துப் பிய்த்துக் கூடு கட்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் எலியக்கா முதலில் பார்ப்பது எலியை அல்ல, அது கட்டிய கூட்டை.

வந்த இரண்டாம் வருடமே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. உடம்பு சரியாக இருக்கிற எலி கூடு கட்டும். நோவு கண்ட எலி கட்டாது. கண், ரோமம், எடை எல்லாம் பிறகுதான் சொல்லும், கூடு முதலில் சொல்லும். அவள் அதற்கு ஐந்து படி வைத்தாள். பஞ்சைத் தொடாமல் அதன் மேலேயே படுத்துக் கிடந்தால் பாய். கொஞ்சம் பிய்த்து வட்டமாகப் பரப்பினால் தட்டு. ஓரம் எழுப்பினால் கிண்ணம். ஓரம் எலியின் தலைக்கு மேல் உயர்ந்தால் வீடு. மேலேயும் மூடிக் கூரை போட்டு, நுழைய ஒரு ஓட்டை மட்டும் விட்டிருந்தால் மாடிவீடு. இதைத் தினமும் ஒரு நோட்டில் பென்சிலால் குறித்துவைப்பாள். பேனாவால் எழுதினால் மேஜை துடைக்கிற ஸ்பிரிட் பட்டு அழிந்துபோகும், பென்சில் அழியாது.

எட்டாம் வருடம் இதை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் வந்திருந்தார். எல்லோரும் பெரியவர் என்பது அவரைத்தான். "சார், மூணாவது வரிசை எலிங்களுக்கு என்னமோ சரியில்ல, கூடு கட்ட மாட்டேங்குது" என்றாள். அவர் கையிலிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "கூண்டு உங்க வேலை. எலி எங்க வேலை."

கெட்ட மனுஷரில்லை, அவசரத்தில் இருந்திருப்பார். ஆனால் சுருக்கென்று தைத்த முள் அவசரத்தில் தைத்தால் என்ன, ஆற அமரத் தைத்தால் என்ன. அன்றிலிருந்து எலியக்கா கூண்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் மேலே யாரிடமும் பேசியதில்லை. நோட்டை மட்டும் விடவில்லை. இப்போது பதினான்காவது நோட்டு ஓடுகிறது.

இந்த நிலையில்தான் சின்ன டாக்டர் வந்தார். பெரியவர் ஒருவர் இருப்பதால் இவர் சின்ன டாக்டர். மற்றபடி ஆளும் உயரம், குரலும் உயரம். முப்பது வயது தாண்டிய பெண். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போல் ஓடுவார், ஓடுகிற வேகத்தில் சாப்பாட்டு டப்பாவை எங்காவது வைத்துவிட்டுத் தேடுவார். எலியக்காவிடம் முதல் நாளே உட்கார்ந்து, தான் என்ன செய்கிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"நம்ம ரத்தத்துல காவல்காரங்க சுத்திட்டே இருப்பாங்கக்கா. வேத்தாளு உள்ள வந்தா அடிச்சுப் போட்டுருவாங்க. புற்றுநோய் என்ன பண்ணுதுன்னா, நம்மாளு மாதிரியே ஒரு கார்டைக் காட்டிட்டு நிக்குது. அவங்களும் பாத்துட்டு, சரி நம்மாளுதான்னு போயிடறாங்க."

"நம்ம வாசல்ல இருக்கறவரு மாதிரியா?"

"அவரு கார்டாவது கேக்கறாரு" என்று சிரித்தார் சின்ன டாக்டர். "நான் அந்தக் காவல்காரங்கள்ல கொஞ்சம் பேரை எலி உடம்புலேர்ந்து வெளிய எடுக்கறேன். இது போலி கார்டுன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்து, லட்சக்கணக்குல வளத்துத் திருப்பி உள்ள அனுப்பறேன். அவங்க போயி அந்தக் கட்டிய ஒரு கை பாக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம், ஆனால் மூன்று வருடம் ஆயிற்று. முதல் தடவை காவல்காரர்கள் வளர்ப்புத் தட்டிலேயே செத்துப்போனார்கள். இரண்டாம் தடவை எலியின் உடம்புக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பெரியவர் தலையாட்டினார், ஆனால் கூடவே ஒன்று சொன்னார். இதுவும் சரிவராவிட்டால் இந்த வழியை மூடிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

மூன்றாவது தடவைக்குப் பத்து எலிகள். எல்லாம் ஆண். ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும் என்பதால் ஆளுக்கொரு கூண்டு. பத்துக்கும் விலாப் பக்கம் தோலுக்கடியில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. ஐந்துக்கு வால் நரம்பு வழியாகக் காவல்காரர்களை ஏற்றினார் சின்ன டாக்டர், மற்ற ஐந்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எதற்கு என்ற பட்டியல் அவர் மேஜை இழுப்பறையில் இருந்தது. எலியக்காவுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் கவனிப்பில் ஓரவஞ்சனை வந்துவிடுமாம்.

"ஓரவஞ்சனை பண்ண நான் என்ன மாமியாரா?" என்று எலியக்கா முறைத்தாள்.

பத்தில் நாலாம் எண் எலி ஒரு தனிப்பிறவி. வந்த நாள் முதல் பஞ்சைத் தொட்டதில்லை. தின்னும், குடிக்கும், காலை நீட்டிப் பஞ்சின் மேல் படுக்கும். தோலுக்கடியில் புற்றுநோய்க் கட்டியை வைப்பதற்கு முன்னாலிருந்தே அப்படி. எலியக்கா அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. "எந்திரிங்க மாப்ள, தண்ணி பாட்டில் மாத்தணும்" என்றால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். அதன் பக்கத்தில் நோட்டில் அவள் முதல் நாளே எழுதிவிட்டாள்: பாய். பிறவிக்குணம்.

வாரத்துக்கு மூன்று நாள் சின்ன டாக்டர் கீழே வந்து வெர்னியர் அளவுகோலால் கட்டிகளை அளப்பார். ஊசி போட்டு முதல் வாரம் பத்தும் ஒரே மாதிரி வளர்ந்தன. இரண்டாவது வாரமும் வளர்ந்தன. வியாழக்கிழமை அளந்தபோது, காவல்காரர்களை ஏற்றிய ஐந்தும் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் கூடவே வீங்கியிருந்தன. சின்ன டாக்டர் எலியக்காவிடம் எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்ணே போதுமாக இருந்தது. போகும்போது சுவர்ப் பலகையில் எழுதிவிட்டுப் போனார்: நாளை மூன்று மணி. பத்தும்.

அந்த அறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாயுப் பெட்டியைத் தயார் செய்ய வேண்டும். எலிகள் வலியில்லாமல் தூங்கிப்போகும், ஆராய்ச்சி முடியும். அந்த வேலையைச் செய்வது எலியக்காவின் கை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள், எதற்கு என்று கேட்டதில்லை. ஆனால் அன்று பலகையை இரண்டு தடவை படித்தாள். ஏனென்றால் அவள் நோட்டு வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்.

"பத்துல அஞ்சு எலி நாளுக்கு நாள் சுருண்டுக்கிட்டே வருதுங்க. வீடு கட்டினது தட்டாச்சு, தட்டு கட்டினது பாயாச்சு. அதுங்களுக்கு முடியல, சரி. ஆனா நாலு எலி முந்தாநாள்லேர்ந்து கூரை போட்டு வீடு கட்டுது. சாகப் போறது எதுக்குங்க கூரை போடுது?"

"அஞ்சும் நாலும் ஒம்பது. இன்னொண்ணு?"

"அது மாப்பிள்ளை. அதை விடுங்க."

"அந்த டாக்டர்கிட்ட சொன்னியா?"

"கூண்டுதான என் வேலை."

பதினொரு வருடத்துக்கு முந்தைய முள் இன்னும் அங்கேயே இருந்தது. புருஷனுக்கு அது தெரியும். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போன மழையில என் வண்டியில சூடு காட்டுற முள்ளு செவப்புக்கு ஏறிடுச்சு. பயணிங்க எல்லாம் இறங்கலாமான்னு எந்திரிச்சிட்டாங்க. எனக்கு இன்ஜின் சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு. ஓரமா நிறுத்தித் திறந்து பாத்தா, முள்ளுக்குப் போற ஒயருதான் கெட்டுப் போயிருக்கு. முள்ளு ஒண்ணு காட்டும், வண்டி ஒண்ணு சொல்லும். அவங்க முள்ளைப் பாக்கறாங்க. வண்டி சொல்றது உனக்குத்தான் கேக்குது. கேட்டுட்டு வாயை மூடிட்டிருந்தா அது யார் தப்பு?"

"தப்பாப் போயிட்டா சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும். சும்மாவே உன்னை எலியக்கான்னுதான் கூப்பிடறாங்க. இதுக்கு மேல என்ன ஆகப் போகுது?"

எரிச்சல் வருகிற மாதிரி உண்மை பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு விளக்கு எரிந்ததும் கூண்டு கூண்டாகப் பார்த்தாள். இரண்டு, மாடிவீடு. ஐந்து, மாடிவீடு. ஏழு, வீடு. பத்து, வீடு. நாலில் மாப்பிள்ளை வழக்கம்போலக் காலை நீட்டியிருந்தது, ஆனால் தீனிக் கட்டி நேற்றைவிடக் குறைவாக மிச்சமிருந்தது. பென்சிலால் எழுதினாள். பிறகு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆனது ஆகட்டும் என்று இரண்டாம் மாடிக்கு ஏறினாள். மின்தூக்கி இருந்தது. அதில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமே என்று படியில் போனாள்.

ராத்திரி வீட்டுக்கே போகாத சின்ன டாக்டர் மேஜையில் தலை வைத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் திறக்காத சாப்பாட்டு டப்பா.

"டாக்டர், ஒரு விஷயம். தப்பா இருந்தா திட்டிடுங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க."

தலை நிமிர்ந்தது.

"இன்னிக்குப் பத்தையும் முடிக்க வேணாம். அதுல நாலுக்கு ஒண்ணும் ஆகல."

"அக்கா, கட்டி வளந்திருக்கு. நானே அளந்தேன். எல்லாத்துக்கும் வளந்திருக்கு."

"வளந்திருக்கலாம். நான் கட்டிய அளக்கல, கூட்டைப் பாத்தேன்." நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தாள். பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சின்ன டாக்டர் முதலில் மரியாதைக்காகத்தான் பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"பாய்னா?"

எலியக்கா ஐந்து படியையும் சொன்னாள்.

"ரெண்டு, அஞ்சு, ஏழு, பத்து" என்று முணுமுணுத்தார் சின்ன டாக்டர். "ஒண்ணு, மூணு, ஆறு, எட்டு, ஒம்பது கீழ இறங்கிட்டே வருது." இழுப்பறையைத் திறந்தார். திறந்த வேகத்தில் அது கழன்று கையோடு வந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் தரையில் கொட்டிப் பட்டியலைத் தேடி எடுத்தார். நோட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"எதை?"

"காவல்காரங்களை ஏத்தினது ரெண்டு, நாலு, அஞ்சு, ஏழு, பத்து." நோட்டில் ஒரு வரியில் விரலை வைத்தார். "நாலு மட்டும் ஏன் பாய்?"

"அது பொறவிக்குணம் டாக்டர். முதல் நாளே எழுதியிருக்கேன் பாருங்க. தீனி குறையல, இன்னிக்கு இன்னும் கூடத் தின்னிருக்கு."

சின்ன டாக்டர் எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். "நான் ஒரு மடச்சி" என்றார். "காவல்காரங்க உள்ள போய்ச் சண்டை போட்டாலும் கட்டி முதல்ல வீங்கத்தான் செய்யும். இது நான் படிச்சதுதான், பரீட்சையில எழுதினதுதான். ரெண்டு தடவை தோத்த பயத்துல எல்லாம் மறந்துபோச்சு."

"அடிதடி நடக்கற தெருவுல கூட்டம் சேரத்தான செய்யும்" என்றாள் எலியக்கா. "வெளியிலேர்ந்து பாத்தா கலவரம் பெருசாயிட்டதா நினைப்போம். உள்ள போலீஸ் கூட்டமா இருக்கும்."

"இருக்கலாம்கா. இல்லாமலும் இருக்கலாம். காத்திருந்துதான் பாக்கணும்."

காத்திருக்க அனுமதி கொடுக்க வேண்டியவர் விலங்கு மருத்துவர். எந்த எலியும் வேதனைப்படக் கூடாது என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அந்த விஷயத்தில் அவர் யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டார். கீழே வந்து பத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். கட்டிகள் இன்னும் விதித்த அளவைத் தாண்டவில்லை, காவல்காரர்களை ஏற்றிய ஐந்தும் சுறுசுறுப்பாக இருக்கின்றன, வைத்துக்கொள்ளலாம் என்றார். மாப்பிள்ளையைக் கையில் எடுத்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். அது அவர் கையிலேயே தூங்க ஆரம்பித்தது. "இது சுறுசுறுப்பில சேருமா?" என்று கேட்டுவிட்டு, அதையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். மற்ற ஐந்தில் மூன்றுக்கு முடியவில்லை, இழுக்க வேண்டாம் என்றார். அன்று மூன்று மணிக்கு எலியக்கா அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கையில் வைத்து, முதுகைத் தடவி, "போயிட்டு வா ராஜா" என்று சொல்லித்தான் பெட்டியில் விட்டாள். அதற்கும் ஒரு மனசு வேண்டும், அவளுக்கு அது இருந்தது.

பெரியவரிடம் சின்ன டாக்டர் புதன்கிழமை வரை தவணை கேட்டார். "அஞ்சு நாள்ல என்ன மாறிடப் போகுது?" என்று அவர் கேட்டாராம். கூட்டைப் பற்றிச் சொன்னபோது மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாராம். ஆனால் சரி என்றார்.

சனி ஞாயிறு எலியக்காவுக்கு விடுமுறை. இரண்டு நாளும் ஆறு மணிக்குப் போய் நின்றாள். "இன்னிக்கு லீவுதான?" என்று கேட்ட காவலாளியிடம், "எலிங்களுக்கு அது தெரியலையே" என்றாள். வீட்டில் புருஷனே சமைத்தார். மலையைக் கல்லி எலியைப் பிடித்த கதை கேட்டிருக்கிறேன், எலிக்காகக் கட்டின புருஷனை அடுப்படியில் நிறுத்தின கதையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று புலம்பிக்கொண்டே சமைத்தார். உப்பு கூடிப்போனது. அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அதில்தான் அவர் அவளுடைய கவலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டார்.

திங்கட்கிழமை அளந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு உப்புத் தண்ணீர் எலிகளுக்கும் கட்டி இன்னும் பெருத்திருந்தது. காவல்காரர்களை ஏற்றிய ஐந்திலும் கட்டி வளரவில்லை, குறையவுமில்லை. சின்ன டாக்டர் இரண்டு முறை அளந்தார், மூன்றாவது முறை வெர்னியரைத் துடைத்துவிட்டு அளந்தார். வளரவில்லை என்பதே பெரிது. ஆனால் வளராமல் நிற்பதைக் கொண்டுபோய்ப் பெரியவர் முன்னால் வைக்க முடியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கூண்டுகளை மூடினார்கள்.

புதன்கிழமை மாப்பிள்ளையிலிருந்து ஆரம்பித்தார்கள். சின்ன டாக்டர் அதைப் பிடித்து விலாப் பக்கத்து ரோமத்தை விலக்கி வெர்னியரை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அக்கா, தப்பான எலிய எடுத்துட்டேனா? நம்பரைப் பாருங்க."

"மாப்பிள்ளைய எனக்குத் தெரியாதா? நாலுதான்."

"அப்படின்னா கட்டி எங்க?"

எலியக்கா கையுறை விரலால் தடவிப் பார்த்தாள். வியாழக்கிழமை ஒரு பட்டாணி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் வெறும் தோல், கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். மாப்பிள்ளை கொட்டாவி விட்டது.

இரண்டாம் எண்ணில் பாதியாகியிருந்தது. ஐந்தில் பாதிக்கும் கீழே. பத்தில் கால் பங்குதான் மிச்சம். ஏழில் மட்டும் கொஞ்சம்தான் குறைந்திருந்தது, ஆனால் குறைந்திருந்தது. கடைசி எண்ணை எழுதி முடித்ததும் சின்ன டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார், நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். அழுதார். முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. எலியக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அந்த அறையில் ஒருவரை ஒருவர் தொட்டால் இரண்டு பேரும் மேலங்கியை மாற்ற வேண்டும் என்று விதி.

"ரெண்டு அங்கி போச்சு" என்றாள் எலியக்கா.

"போகட்டும்கா. இன்னும் பத்து போகட்டும்."

அடுத்த இரண்டு வாரத்தில் இரண்டு, ஐந்து, பத்து மூன்றிலும் கட்டி இருந்த இடமே தெரியாமல் போயிற்று. ஏழு பாதியில் நின்றுவிட்டது, ஏன் என்று இன்னும் தெரியவில்லை. எலிக்குச் சரியானதெல்லாம் மனுஷனுக்குச் சரியாகிவிடாது, இன்னும் எத்தனையோ வருட வேலை இருக்கிறது என்று சின்ன டாக்டர் நாலு தடவை எச்சரித்தார். எச்சரிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழியை மூடும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எலியக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது புருஷன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, வெளிய சாப்பிடுவோம். நம்ம மாப்பிள்ளைக்குக் குணமானதுக்கு" என்றார். நல்ல வேளை, வீட்டில் கல்யாணத்துக்கு இருக்கிற மகள் அப்போது பக்கத்தில் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை எலியக்கா உள்ளே நுழைந்தபோது கதவருகே புதிய படிவக் கட்டு ஒன்று தொங்கியது. தேதி, கூண்டு எண், எடை, கட்டி அளவு என்று வழக்கமான கட்டங்கள். கடைசியில் புதிதாக ஒன்று: கூடு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது: பாய், தட்டு, கிண்ணம், வீடு, மாடிவீடு. அவள் அதைப் படித்தாள், கண்ணைத் துடைத்தாள், இன்னொரு தடவை படித்தாள்.

அப்போது இரண்டாவது கதவு திறந்தது. தொப்பியும் கவசமுமாகப் பெரியவர் வந்து நின்றார். அந்த நேரத்தில் அவரை அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. செருப்பு உறையை ஒரு காலில் மட்டும் போட்டிருந்தார்.

"இன்னொரு காலுக்கும் போட்டுட்டு வாங்க சார்" என்றாள் எலியக்கா.

அவர் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். "படிவத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை பாத்துக்கலாம்னு வந்தேன்" என்றார். "மாடிவீடுன்னா எது? காட்டுங்க."

காட்டினாள். ஐந்தாம் எண் கூரைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்தது. அவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை போல வெகுநேரம் பார்த்தார். வீட்டைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். நாலாம் கூண்டுக்கு வந்ததும் நின்றார்.

"இது பாயா இருக்கே. கட்டியே இல்லாமப் போனதுதான இது? மறுபடி உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு சார். அதுக்கு வேலை செய்யப் பிடிக்காது, அவ்வளவுதான்."

"அது எப்படி உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?"

எலியக்கா மாப்பிள்ளையின் கூண்டிலிருந்து காலித் தண்ணீர் பாட்டிலைக் கழற்றினாள். பதினொரு வருடமாகத் தொண்டையில் நின்றது தானாகவே, கோபம் துளியும் இல்லாமல், சிரிப்போடு வெளியே வந்தது.

"எலி என் வேலை சார்" என்றாள்.

பெரியவர் படிவக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். எலியக்கா தன் பென்சிலை நீட்டினாள்.